அம்மன் கோயில் மேய்ச்சல் காடு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள குடிப்பாட்டு மக்களுக்கு, திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் அம்மன் கோயிலுக்குச் சேர்ந்த 11 ஏக்கர் கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, மீட்கும் வேலை, 14 மாதத்துக்குப் பிறகு இந்தத் தையில் நிறைவடைந்திருக்கிறது. கோபுரத்துக்கு வண்ணம் பூசாமல் காட்டுக்கு ஏன் செலவு செய்கிறீர்கள் என்று சிலர் கேட்டீர்கள். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட காங்கேயம் மாடுகள் மேய்ந்த காடு இது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலா மரமும் சுற்றிலும் கிளுவை வேலியுமாக நம் பாட்டன்மார் வைத்துவிட்டுப் போனதை, சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் தின்றுவிட்டிருந்தன. இதை மீட்பதும் திருப்பணிதான் என்று குழு நம்புகிறது.

முதலில் சீமைக்கருவேலம். ஐப்பசி மழை முடிந்து மண் இளகியிருந்த கார்த்திகையில் தொடங்கினோம். இந்த மரத்தைத் தரையோடு வெட்டினால் நாலு பக்கமும் துளிர்க்கும். தீ வைத்தாலும் அடிக்கட்டை மறுபடி தழையும். அதனால் ஜேசிபி பிடுங்கிப் போன குழிகளில் எல்லாம் ஆட்கள் இறங்கி, மண்ணுக்குள் ஒரு அடி ஆழம் வரை கட்டையைக் கடப்பாரையால் பேர்த்தார்கள். போன தை வரை இந்த ஒரு வேலைதான். செலவில் பெரும்பகுதியும் இதற்கே போனது. விறகு விற்ற பணம் வரவில் வைக்கப்பட்டிருக்கிறது.

அப்புறம் தீ. இதைப் பற்றித்தான் பலருக்கும் பயம் இருந்தது. மொத்தக் காட்டையும் எரிக்கவில்லை. வடபுறம் 4 ஏக்கரில் மட்டும், பல வருசம் மேயாத புல் காய்ந்து மெத்தையாகப் படுத்து, புதுத் துளிரை மூச்சுவிடாமல் அமுக்கியிருந்தது. மாசியில், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, சுற்றிலும் 15 அடி அகலத்துக்கு உழுதுபோட்டோம். வேலா மரங்களின் அடியில் சருகைக் கூட்டி ஒதுக்கினோம். முயலும் கவுதாரியும் வெளியேற, முந்தின நாளே தட்டு அடித்துக்கொண்டு காட்டைக் குறுக்கே நடந்தோம். ஒரு புதரடியில் கவுதாரி முட்டைகள் இருந்தன. அதைச் சுற்றி மண்ணைக் கொத்திப்போட்டு அந்தப் புதரை அப்படியே விட்டோம்.

விடிகாலைப் பனி காயும் நேரத்தில், காற்றுக்கு எதிராகத் தீ நகரும்படி பட்டை பட்டையாக வைத்தோம். முழங்கால் உயரத்துக்கு மேல் தீ எழவில்லை. அன்றன்று வெயில் ஏறுமுன் அணைத்துவிட்டோம்.

ஒரு தவறு நடந்தது. இரண்டாம் நாள் காற்று திரும்பியபோது, உழுத இடத்தில் அள்ளாமல் விட்ட செத்தை வழியாகத் தீ தாண்டி, பக்கத்துத் தோட்டத்துக் கிளுவை வேலி 20 அடி கருகியது. ஈரச் சாக்கும் டிராக்டர் டேங்கர் தண்ணீரும் கையில் இருந்ததால் அதோடு நின்றது. பொறுப்பு குழுவினுடையது. தோட்டத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, நாங்களே கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு) வெட்டி நட்டோம், இப்போது துளிர்விட்டிருக்கிறது.

சித்திரையில் ஒரு கோடை மழை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், கரிக்கட்டையாகக் கிடந்த ஒவ்வொரு புல் தூரிலும் விரல் நீளத்துக்குப் பச்சை. குனிந்து தொட்டுப் பார்த்த பெரியவர் ஒருவர் கண் கலங்கிவிட்டார்.

அதே மழையில் பார்த்தீனியமும் முளைத்தது. மேல்மண் விதை எரிந்தாலும் அடிமண் விதை தப்பிவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். நம் பெண்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையுமாக, பூக்கும் முன்னே மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கினார்கள். இந்தக் காடு மீண்டதில் பெரிய பங்கு அவர்களுடையது. வெறும் தரையாகக் கிடந்த இடங்களில், பழைய கொழுக்கட்டைப் புல் விதையைச் சாணியும் செம்மண்ணும் கலந்து உருட்டி ஐப்பசியில் போட்டோம். அன்று அறுத்த விதை சரியாக முளைக்காது. சில மாதம் வைத்திருந்தால்தான் முளைப்பு வரும்.

வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் கோயில் மண்டபத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

புல் ஒருமுறை விதை உதிர்க்கும் வரை யாரும் மாடு ஓட்ட வேண்டாம். ஆடு அதற்குப் பிறகும் வேண்டாம்: வெளியே சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடு வந்தால் புழுக்கையோடு விதையும் வரும். இன்னும் இரண்டு வருசத்துக்கு, மழை பெய்த வாரத்து ஞாயிறு காலை 7 மணிக்குக் களை பிடுங்கக் கூடுகிறோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். காட்டு வாசல் படலின் (வேலிக் கதவின்) சாவி பூசாரியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு