முக்திநாத் விமானம் திரும்பினால் யாரைக் குறை சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேபாள மலைப்பகுதியில் உள்ள முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்ட யாத்திரைக் குழு ஒன்றின் விமானம் போக்கரா நகரிலிருந்து கிளம்பி, கோயிலுக்குப் போக இறங்க வேண்டிய ஜோம்சோமை எட்டாமலே திரும்பியது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான வாசகர் கடிதத்தைப் படித்தேன். பணம் வீணானது குறித்த அவருடைய வருத்தம் நியாயமானதே. ஆனால், தம் குழுவுக்கு முன்னால் கிளம்பிய விமானம் போய்ச் சேர்ந்துவிட்டதென்றும், தம் விமானிக்குத்தான் துணிச்சல் போதவில்லை என்றும் அவர் எழுதியிருப்பதற்கு மறுப்புச் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் குழுவும் அதே வழியில் பாதியில் திரும்பியது. பத்தொன்பது பேர் அமரக்கூடிய ட்வின் ஆட்டர் விமானம் அது. கிளம்புமுன் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் கொடுத்தார்கள். விமானிகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவர்கள் பார்த்த முன்பக்கக் கண்ணாடியே தெரிந்தது. சற்று நேரம் வரை அதில் மலைச்சரிவும் ஆற்றுப்படுகையும் இருந்தன, பிறகு வெண்மையைத் தவிர வேறெதுவும் இல்லை. விமானம் சாய்ந்து திரும்பியபோது, இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் என்ன என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் பணிப்பெண்ணிடம் உரக்கக் கேட்டார்.

அந்தக் 'கொஞ்ச தூரம்'தான் ஆபத்தானது. 8,167 மீட்டர் உயரமுள்ள தௌலகிரிக்கும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவுக்கும் இடையே காளி கண்டகி நதி அறுத்த பள்ளத்தாக்கின் வழியாகத்தான் இந்தச் சிறு விமானங்கள் செல்கின்றன. கண்ணால் நிலத்தையும் மலையையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஜோம்சோமில் இறங்கும் வசதி கிடையாது. பள்ளத்தாக்கு குறுகிவிட்ட பிறகு விமானத்தைத் திருப்ப இடம் இருக்காது என்பதால், திரும்பும் முடிவை இடம் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். வெயில் ஏற ஏற வடக்கேயுள்ள முஸ்டாங் மேட்டுநிலம் சூடேறித் தெற்கிலிருந்து காற்றை இழுப்பதால், முற்பகல் கழிவதற்குள் பள்ளத்தாக்கில் பலத்த காற்று எழுந்துவிடும். விமானங்கள் விடியற்காலையிலேயே பறப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே முன்னால் சென்ற விமானம் கண்ட வானத்தையே அடுத்த விமானமும் காணும் என்று சொல்ல முடியாது.

இதே தடத்தில் 2016 பிப்ரவரியில் ஒரு ட்வின் ஆட்டர் மலையில் மோதி விமானப் பணியாளர்கள் உட்பட 23 பேரும், 2022 மே 29 அன்று மற்றொன்று மோதி 22 பேரும் இறந்தனர். பின்னதில் நால்வர் இந்தியர். இரண்டுமே மேகம் சூழ்ந்த மலைகளுக்கிடையே தொடர்ந்து பறந்த விமானங்கள்.

என்னுடைய புகார் யாத்திரை ஏற்பாட்டாளர்கள் மீதுதான். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களுள் முக்திநாத்தும் ஒன்று என்பதால், வாழ்நாளில் ஒருமுறையாவது சேவித்துவிட வேண்டும் என்று சேமிப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள். அவர்களிடம் கொடுக்கப்படும் அச்சிட்ட பயணத் திட்டத்தில், காலையில் ஜோம்சோம், மதியம் முக்திநாத், மறுநாள் காலை போக்கரா, அன்று மாலையே காட்மாண்டு என்று நம் ஊர்ப் பேருந்து நேரப் பட்டியல் போல எழுதியிருக்கிறது. விமானம் பறக்காத நாளுக்கு அதில் இடமே இல்லை. எங்களை அழைத்துச் சென்றவரிடம் பறக்காத பகுதிக்கான கட்டணத்தைக் கேட்டபோது, இயற்கைச் சூழலால் ஏற்படும் மாற்றங்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற நிபந்தனையைக் காட்டினார். மேலும் கேட்டவர்களிடம், 'பெருமாள் இன்னும் அழைக்கவில்லை' என்றார். பெருமாள் அழைக்காததற்கும் விமானக் கட்டணத்தைத் திருப்பித் தராததற்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யாத்திரை நடத்துகிறவர்கள் போக்கராவில் குறைந்தது ஒரு நாளையாவது கூடுதலாக ஒதுக்கி, அதற்கான செலவையும் முதலிலேயே சேர்த்துச் சொல்லட்டும். விமானம் திரும்பினால் எவ்வளவு பணம், எத்தனை நாளுக்குள் கிடைக்கும் என்பதையும், பேனி என்ற ஊர் வழியாக ஜீப்பில் போவதானால் ஒரு பகல் முழுவதும் மலைப்பாதையில் குலுங்க வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் மண்சரிவு அந்தப் பாதையையும் அடைத்துவிடலாம் என்பதையும் எழுத்தில் கொடுக்கட்டும். போய்ச் சேர்ந்தாலும், திரும்ப விமானம் இல்லாமல் ஜோம்சோமிலேயே சிக்கிக்கொள்ளவும் நேரிடலாம். கணக்காக எண்ணி எடுத்து வந்த இரத்த அழுத்த மாத்திரைகள் தீர்ந்துபோய், பாதியில் திரும்பிய எங்கள் குழுவிலேயே ஒரு பெரியவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். நேபாளத்துக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் நிறுவனங்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கி அரசின் சுற்றுலாத் துறை விதி வகுக்க வேண்டும். அதுவரை முன்பணம் கட்டுகிறவர்கள், விமானம் திரும்பினால் என்ன ஏற்பாடு என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கட்டுவது நல்லது.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர்