விட்ட இடத்தில் தொடங்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. “புத்தகத்தைத் திறந்தாலே கண் சொருகுகிறது அக்கா. ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு இனிமேல் படிப்பு வராது” என்றாய். கண் சொருகுவதை நம்புகிறேன். மண்டையில் ஏறாததையும் நம்புகிறேன். இனிமேல் வராது என்றாயே, அதை மட்டும் நம்ப மாட்டேன். நேற்றே சொல்ல வாயெடுத்தேன், நீ பேச்சை மாற்றிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி புத்தகத்தை எடுத்துவிட்டு உன்னைப் போலவே தடுமாறிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீ சொன்னவற்றுள் என்னைத் தைத்தது வேறொன்று. “நுண்கணிதத்தில் வரும் சங்கிலி விதியை வகுப்பில் மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். இப்போது எனக்கே புரியவில்லை” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குள் இருந்த வெட்கம் எனக்குப் பழக்கமானது. ஏழு வருடம் கழித்துக் கணக்குப்பதிவியல் தேர்வுக்கு நான் படிக்க உட்கார்ந்தபோது என் கழுத்தைப் பிடித்ததும் அதுதான். மேஜை முன்னால் நீ தனியாக உட்காருவதில்லை. நான்கு வருடத்துக்கு முன் மளமளவென்று கணக்குப் போட்ட அந்தப் பழைய பையனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். நீ ஒரு வரியில் தடுக்கி நின்றால் அவன் உன்னைத் திரும்பிப் பார்க்கிறான். யாருக்குத்தான் அங்கே உட்காரப் பிடிக்கும்? எழுந்து போய்விடுகிறாய். பிறகு எனக்கு ஆர்வமே இல்லை என்று உன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாய். ஆர்வம் இல்லாதவன் இரவு பத்தரை மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு இதையெல்லாம் பேசுவானா?

என் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அந்த ஏழு வருடத்தில் நான் பேனா பிடித்ததே கையெழுத்துப் போடத்தான். முதல் நாள் மாலை பழைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். அட்டை நைந்து, ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது. உள்ளே இருந்தது என் கையெழுத்துதான். ஆனாலும் யாரோ எழுதியதுபோல் இருந்தது. ஒரு பக்கத்து ஓரத்தில் பென்சிலால் “இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள்” என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தேன். எதில் கோட்டை விடுவார்கள் என்று எனக்கே தெரியவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதேன். மறுநாள் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் உட்காரவில்லை.

நான்காம் நாள் புதிய பாடத்தின் பக்கமே போகவில்லை. இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறவர்கள் போட்டுப் பார்க்கும் ஒரு சின்ன இருப்பாய்வை எடுத்தேன். பற்றுப் பக்கத்தைக் கூட்டினேன், வரவுப் பக்கத்தைக் கூட்டினேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 270. வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது என் கை, நான் எதுவும் யோசிக்காமலே, ஓரத்தில் 270-ஐ 9-ஆல் வகுத்து 30 என்று எழுதியது. எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ ஓர் எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். முதல் வரியிலிருந்து விரல் வைத்துத் தேடிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரியில் 630 என்று இருக்க வேண்டியதை 360 என்று எடுத்து எழுதியிருந்தேன்.

ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் அந்த உத்தியை ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை. முதல் நாள் யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்று சத்தியம் செய்திருப்பேன். அது எங்கும் போகவில்லை. கூப்பிடும் விதத்தில் கூப்பிட்டதும் வந்துவிட்டது. அன்று இரவு நான் பட்ட மகிழ்ச்சியைப் பிற்பாடு தேர்வு முடிவு வந்த நாளில்கூடப் படவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று நினைத்துவிடாதே. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் நினைவாற்றலைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, அவர் தம்மைத்தாமே சோதித்துக்கொண்டார். எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் அளந்தது என்ன தெரியுமா? ஒரு வரிசையை மறுபடி கற்கும்போது, முதல் தடவை ஆன நேரத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை. ஒரு நாள் கழித்துக் கற்றபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. அதுவும் தலையும் வாலும் இல்லாத வெற்று அசைகளுக்கு. நீ படித்ததோ ஒன்றோடு ஒன்று கோத்து நிற்கும் கணிதம். வாயில் வரவில்லை என்பதாலேயே உள்ளே இல்லை என்று ஆகிவிடாது. முதல் தடவை போட்ட பாதை புல் மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தடவை நடந்தால் தடம் தெரியும்.

ஆனால் அந்தப் பாதையில் நீ நேராக நடுக்காட்டுக்குள் போய் நிற்கிறாய். விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? சங்கிலி விதியில் விட்டேன், சங்கிலி விதியைத்தான் திறப்பேன் என்கிறாய். அங்கே உன் காலை வாருவது சங்கிலி விதியே இல்லை என்பது என் ஊகம். சார்புக்குள் சார்பு என்ற கருத்து உனக்குப் பிடிபட்டுத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அடுக்குக்குறிகளைச் சுருக்குவது, அடைப்புக்குறியைப் பிரிப்பது, பின்னத்தைத் தலைகீழாக்குவது என்று வரும் சில்லறை வேலைகளில்தான் கை துருப்பிடித்திருக்கும். நுண்கணிதத்தில் தடுக்கி விழுகிறவர்களில் பல பேர் உண்மையில் இயற்கணிதத்தில்தான் விழுகிறார்கள். ஆகவே இரண்டு படி கீழே இறங்கு. பள்ளிக்கூடத்து இயற்கணிதப் பயிற்சி ஒன்றை எடுத்து, தினம் பத்துக் கணக்குப் போடு. சின்னப் பிள்ளைகள் கணக்கு என்று கூச்சப்படாதே. ஒரு வாரத்தில் கை பழைய வேகத்துக்குக் கிட்டே வந்துவிடும். அதற்குப் பிறகு வகைக்கெழுவின் எளிய விதிகளைத் தொடு. சங்கிலி விதியை மூன்றாவது வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனித் தூக்கத்தைப் பற்றி. நீ எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன் அல்லவா? வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் புத்தகம் என்றாய். தம்பி, அந்தக் கோலத்தில் யாருக்கும் தூக்கம் வரும். பகல் முழுக்க உழைத்த உடம்பு கட்டிலில் சாய்ந்தால் வேறென்ன செய்யும்? அதற்காக உன் மனசைத் திட்டாதே. நிமிர்ந்து உட்காரும்படி ஒரு நாற்காலி வேண்டும், கையில் பேனா வேண்டும், போன் அடுத்த அறையில் இருக்க வேண்டும். நேரத்தையும் மாற்றிப் பார். ஒரு வாரம் வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் உட்கார். அடுத்த வாரம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் உட்கார். எது உனக்குச் சுலபமாக இருந்ததோ அதை வைத்துக்கொள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் உருப்பட முடியும் என்று சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்குப் படுப்பவன் நான்கு மணிக்கு எழுந்தால் படித்தது எங்கே தங்கும்? பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பில் சேர்ப்பவன் இரண்டு பக்கமும் இழக்கிறான்.

ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தேன் என்றாயே, அதையும் விட்டுவிடு. ஒரு தடவை படி. புத்தகத்தை மூடு. வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதை எழுது. இரண்டு வரிதான் வரும், அதுவும் தப்பாக வரும். பரவாயில்லை, பிறகு திறந்து சரிபார். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே என்ற இருவர் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். மறுபடி மறுபடி வாசிக்கும்போது எழுத்து கண்ணுக்குப் பழகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தைப் புரிந்துகொண்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இன்னொரு நன்மையும் இதில் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் கைக்கு அவ்வளவு எளிதில் தூக்கம் வராது.

ஆர்வம் வரட்டும், பிறகு உட்காருகிறேன் என்று காத்திருக்காதே. நான் அப்படிக் காத்திருந்து இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். நாளை முதல், அடுத்த மாதம் முதல் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கலர் பேனாவால் கட்டம் கட்டி ஒரு கால அட்டவணைகூடப் போட்டேன். அதைப் போட்ட அன்று பெரிய வேலை செய்ததுபோல் நிறைவாக இருந்தது. அதில் இருந்தபடி ஒரு நாள்கூட நடக்கவில்லை. எனக்கு உதவியது மிகச் சாதாரணமான ஓர் ஏற்பாடு: மாலையில் செருப்பைக் கழற்றியதும் நேராக மேஜை, ஒரே ஒரு கணக்கு. அந்த ஒரு கணக்கு முடிந்ததும் எழுந்துவிட எனக்கு முழு அனுமதி உண்டு. சில நாள் உண்மையாகவே எழுந்து போயிருக்கிறேன். பெரும்பாலான நாட்களில், ஒன்று சரியாக வந்ததும் அடுத்ததைப் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகுதான் அந்த ஆர்வம் வந்து கதவைத் தட்டும். முன்னால் வந்ததே கிடையாது.

இடையில் ஒரு நாள் தவறும். வேலையில் நெருக்கடி வரும், உடம்புக்கு முடியாமல் போகும். எல்லாம் போயிற்று என்று தூக்கிப் போட்டுவிடாதே. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் தானாக ஓட எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 66 நாள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் கண்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் எடுத்துக்கொண்டவை தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய காரியங்கள். படிப்பு அதைவிடக் கடினம். நீ மறுபடி தொடங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் வராது என்று தீர்ப்பு எழுதிவிட்டாய்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல். படிப்பில் மட்டுமா மனம் ஒட்டவில்லை, அல்லது முன்பு பிடித்த எதிலுமே ஒட்டவில்லையா? நண்பர்களைப் பார்ப்பது, பந்து விளையாடுவது, நல்ல சாப்பாடு என்று எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேலாக வெறுத்துப்போயிருந்தால், அல்லது எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராமல் இருந்தால், மேலே நான் எழுதியவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பார். மனச்சோர்வு நோயும், இரத்தசோகையும், தைராய்டுக் கோளாறும்கூட இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. மன உறுதி இருந்தால் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

நான்கு வருடமும் வீணாகிவிட்டது என்று நேற்று இரண்டு தடவை சொன்னாய். அந்த நான்கு வருடமும் உன் சம்பளத்தில்தான் வீடு நின்றது. அதை வீண் என்று என் காதுபட இன்னொரு தடவை சொல்லாதே, எனக்குத் தாங்காது. பத்தொன்பது வயதில் உன் பொறுமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு கணக்கு வராவிட்டால் பேனாவை எறிந்துவிடுவாய். நேற்றோ பன்னிரண்டு நாள் வராத பாடத்தைப் பற்றி அரை மணி நேரம் நிதானமாகப் பேசினாய். அந்தப் பழைய பையனுக்கு வேகம் இருந்தது. இந்த நிதானம் அவனிடம் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு நானே கூப்பிடுகிறேன். எத்தனை பாடம் முடித்தாய் என்று கேட்க மாட்டேன். அதற்குள் அந்த இயற்கணிதப் பயிற்சியில் நீ போட்டதைப் படம் எடுத்து அனுப்பி வை, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். எந்த வரியில் சிக்கிக்கொண்டாய் என்று இருவரும் சேர்ந்து விரல் வைத்துத் தேடுவோம்.

அன்புடன்,
அக்கா