நாலு மூட்டையும் ஒரு ‘ஆமா’வும்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ கேட்டதைப் பொதுவில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. ஊர், ஆள், மில் எதுவும் தெரியாதபடிதான் எழுதுகிறேன். மன்னார்குடியிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் உன்னைப் போலப் பேரேடு எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர். உனக்கு வந்த நிலைமை அவர்களுக்கும் ஒருநாள் வரும்.

நடந்தது இது. சம்பா அறுப்பு முடிந்த கையோடு ஒரு பெரியவர் உங்கள் மில்லில் நெல்லைப் போட்டு வைத்தார். விலை ஏறும்போது விற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம். பேரேட்டில் உன் கையெழுத்தில் இருப்பது 34 மூட்டை. அவர் வீட்டில் கணக்கு வைத்திருந்தது அவர் சம்சாரம். அந்த அம்மா இடையில் தவறிவிட்டார், துண்டுச் சீட்டும் எங்கேயோ போய்விட்டது. போன வாரம் பெரியவர் வந்து, “முப்பது மூட்டை போட்டேன், அதுக்குப் பணம் கொடுத்திருங்க” என்றார். முதலாளி, “ஆமா பெரியவரே, முப்பதுதான், வெள்ளிக்கிழமை வாங்க” என்றார். நீ பேசாமல் இருந்தாய். “நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல மாமா, அவரே சொன்ன கணக்குதானே” என்று எனக்கு எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு குறளும் அனுப்பியிருக்கிறாய்.

குறளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் கேள்வி. மன்னார்குடியில் மல்லிநாதர் கோயில் இருக்கிறது, பார்த்திருப்பாய். திருவாரூர்ப் பக்கம் தீபங்குடியிலும் பழைய சமணக் கோயில் ஒன்று உண்டு. சமணம் என்றால் கொல்லாமை, இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுவது என்ற அளவோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் அவர்களுடைய ஐந்து விரதங்களில் கொல்லாமைக்கு அடுத்து நிற்பது வாய்மை. துறவிக்கு அது மகாவிரதம். சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவனுக்கு அளவு குறைத்த அணுவிரதம். அளவு குறைத்தார்களே தவிர, கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. அவர்களுடைய அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தான் இந்த விரதத்தில் எங்கெல்லாம் வழுக்குவான் என்று ஐந்து இடங்களைச் சொல்கிறது. பொய்ப் பத்திரம் எழுதுவது அதில் ஒன்று. அதற்கு அடுத்தது, நம்பி ஒப்படைத்த பொருளை அமுக்கிக்கொள்வது.

அமுக்கிக்கொள்வது என்றால் என்ன என்று பூஜ்யபாதர் என்ற சமணத் துறவி அந்த நூலுக்கு எழுதிய உரையில் விளக்குகிறார். பொருளை வைத்தவன் எவ்வளவு வைத்தோம் என்பதை மறந்துவிட்டுக் குறைத்துக் கேட்கிறான். வாங்கி வைத்தவன் “ஆமாம், அவ்வளவுதான்” என்கிறான். அதுதான் குற்றம்.

உங்கள் மில் திண்ணையில் போன வாரம் நடந்ததை ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஒரு துறவி இப்படி எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றையும் கவனி. திருடாமை என்று அவர்களுக்குத் தனி விரதமே மூன்றாவதாக இருக்கிறது. இதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. வாய்மைக்குக் கீழேதான் வைத்தார்கள். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ராத்திரியில் வந்து யாரும் மூட்டையைத் தூக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை. பெரியவர் மனதிலேயே இருந்த ஒரு தப்புக் கணக்கை, சரியான கணக்குத் தெரிந்த ஒருவர் ‘ஆமா’ என்று சொல்லி உறுதிப்படுத்தினார். நாலு மூட்டை போனது அந்த ஒரு சொல் வழியாகத்தான்.

அந்தச் சொல் முதலாளி வாயிலிருந்து வந்தது, உன் வாயிலிருந்து இல்லை. சரி. ஆனால் முதலாளி சொன்னதும் பெரியவர் திரும்பி யாரைப் பார்த்தார்? உன்னைத்தான் பார்த்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். பேரேடு உன் முன்னால் விரித்துக் கிடந்தது. கணக்குப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை என்பதால்தான் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சும்மா இருந்தவன் என்று அந்த இடத்தில் உன்னைச் சொல்ல முடியாது மாப்பிள்ளை. எழுதியவன் நீ. தெரிந்தவனும் நீ.

இப்போது நீ அனுப்பிய குறள். “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.” வாய்மை அதிகாரத்தின் பத்துக் குறளில் ஊர் முழுக்க மனப்பாடமாக இருப்பது இந்த ஒன்றுதான். இதை எடுத்து எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வள்ளுவர் அங்கே வைக்கிற நிபந்தனை, குற்றம் ஒட்டாத நன்மை விளைய வேண்டும் என்பது. அதற்கு முந்தைய குறளில், யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத சொல்லே வாய்மை என்று அளவுகோலையே கொடுத்துவிட்டார். பெரியவர் நாலு மூட்டை இழக்கிறார். அந்த அளவுகோலை வைத்தால் உங்கள் ‘ஆமா’ எங்கே நிற்கும்?

மகாபாரதத்தில் கர்ண பருவத்தில் கௌசிகன் என்று ஒரு தவசி வருகிறான். உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்டவன். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அவன் இருந்த காட்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்க, இவன் உண்மையாக வழி காட்டிவிடுகிறான். ஒளிந்தவர்கள் செத்துப்போகிறார்கள். கௌசிகன் நரகத்துக்குப் போனான் என்று அர்ச்சுனனுக்குச் சொல்கிறான் கண்ணன். பொய்க்கு நம் பெரியவர்கள் கொடுத்த இடம் அந்தக் காட்டில்தான் இருக்கிறது. ஓடி ஒளிந்தவன் உயிரைக் காப்பாற்ற ஒருவன் வாயைத் திறக்காமல் இருக்கலாம், பொய்கூடச் சொல்லலாம். பொய் சொல்கிறவனுக்கே லாபம் வருகிற இடத்தில் அந்த அனுமதி செல்லாது. உங்கள் விஷயத்தில் ஒளிந்திருப்பது ஆள் இல்லை, நாலு மூட்டை நெல். ஒளித்து வைத்திருப்பதும் மில்தான்.

“வியாபாரத்துக்கு இதெல்லாம் ஆகாது மாமா” என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். நாம் இருப்பது காவிரி கடலில் கலக்கிற சீமை. பூம்புகார் எதனால் பெரிய ஊரானது? வியாபாரத்தால். பட்டினப்பாலை அந்தத் துறைமுகத்தைப் பாடும்போது கடலில் வந்த குதிரையையும் வண்டியில் வந்த மிளகு மூட்டையையும் வரிசையாகச் சொல்கிறது. அப்படியே அந்த வணிகர்களைப் பற்றியும் சொல்கிறது. பழிக்கு அஞ்சி உண்மை பேசுகிறவர்கள், “கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது” விற்கிறவர்கள் என்று. புலவருடைய புகழ்ச்சி என்றே வைத்துக்கொள். ஒரு வியாபாரியைப் புகழ இதைவிடப் பெரிய வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

அதே ஊரில் ஒரு பூதமும் இருந்தது. சிலப்பதிகாரம் இந்திரவிழாவைச் சொல்லும்போது பூத சதுக்கத்தைக் காட்டுகிறது. நாற்சந்தியில் நிற்கும் பூதம், நாலு காதம் கேட்கிற குரலில், யார் யாரைத் தன் பாசக்கயிற்றில் கட்டி அடித்துத் தின்னும் என்று அறிவிக்கிறது. வேடம் போடும் துறவி, துரோகம் செய்யும் அமைச்சர் என்று போகிற பட்டியலில் பொய்ச்சாட்சி சொல்கிறவனும் இருக்கிறான்.

சிறுவயதில் நமக்குக் கதையாகச் சொன்னது அதுவரைக்கும்தான். அதே சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் சொல்வது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு நல்ல பெண்ணைப் பற்றி, தனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் அவள் கணவனிடம் சாட்சி சொல்கிறான் ஒருவன். பூதத்தின் கயிற்றில் மாட்டிக்கொள்கிறான். அவன் தாய் படும் துயரத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கோவலன் ஓடிப்போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விட்டுவிடு என்கிறான். பூதம் சம்மதிக்கவில்லை. கீழ்மகன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்க மாட்டேன் என்று, கோவலன் கண் முன்னாலேயே அவனை அடித்துக் கொன்றுவிடுகிறது. கோவலன் அந்தத் தாயோடு போய் அவன் சுற்றத்தாரைப் பல வருஷம் சோறு போட்டுக் காப்பாற்றுகிறான்.

யாருக்காக அவன் பொய் சொன்னான் என்று இளங்கோ சொல்லவில்லை. ‘வறியோன்’ என்று மட்டும் சொல்கிறார். அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடிவதில்லை. மாசச் சம்பளத்தை நம்பி இருக்கிறவனுக்கு உண்மை பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் கணக்கு எழுதிப் பிழைத்தவன்தான். அந்தக் கஷ்டத்துக்கு இரங்கிய ஒருவன் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறான், அவன் குடும்பத்துக்குச் சோறும் போட்டான். இருந்தும் சொன்ன பொய் பொய்யாகத்தான் நின்றது.

நாலு மூட்டைதானே, சின்ன விஷயம் என்று உனக்கும் தோன்றலாம். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது உனக்குத் தெரியும். ஸ்ரீவிஜய அரசர் கட்டியது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அங்கே வணங்கப்பட்ட புத்தர், தன் மகன் ராகுலனுக்கு முதலில் சொன்ன பாடங்களில் ஒன்று பொய்யைப் பற்றியது. கால் கழுவும் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துக் காட்டுகிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவு இவ்வளவுதான் இருக்கிறது என்கிறார். பிறகு அதையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். அப்படிப்பட்டவன் செய்யத் துணியாத தீமை எதுவும் இல்லை, ஆகவே விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதே என்று முடிக்கிறார். பிற்காலத்தில் அசோகர், பிக்குகளும் பிக்குணிகளும் அடிக்கடி கேட்க வேண்டியவை என்று கல்லில் வெட்டிவைத்த சில உபதேசங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பாத்திரத்தை நினைத்துக்கொள். நாலு மூட்டை என்பது அளவு. அதைச் சொல்லாமல் விடும்போது வெட்கம் வந்ததா இல்லையா என்பதுதான் புத்தர் கேட்டது. உனக்கு வந்திருக்கிறது, அதனால்தான் எனக்கு எழுதினாய். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

நீ முகத்தைச் சுளித்ததைப் பார்த்து முதலாளி, “நீ என்ன பெரிய அரிச்சந்திரனோ?” என்றாராமே. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஓடுகிற ஒரு ஆற்றுக்கே நம் ஜனங்கள் அரிச்சந்திரா நதி என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போகிற பாடையை அரிச்சந்திரன் மேடையில் இறக்கி வைத்துத்தான் மேலே தூக்கிப் போகிறோம். முதலாளி வீட்டுச் சாவுக்கும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். அந்தப் பேரை ஒருத்தன் உனக்குக் கொடுத்தால் தலைகுனியாதே. அரிச்சந்திரன் செய்தது எல்லாமே எனக்குச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். வாக்கைக் காப்பாற்ற மனைவியையும் பிள்ளையையும் விற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மைக்கான விலையை அவனவன்தான் கொடுக்க வேண்டும், அடுத்தவரைக் கொண்டு கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அரிச்சந்திரன் நாடகத்தைச் சிறுவயதில் பார்த்து மனசைப் பறிகொடுத்தவர் காந்தி. எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் இருக்கக் கூடாது என்று ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். நீ என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்கு வழி கிடைத்தது அவரிடம்தான். தண்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால், 1930 மார்ச் 2-ஆம் தேதி, சட்டத்தை மீறப்போகிறேன் என்று வைஸ்ராய்க்கே கடிதம் எழுதிவிட்டார். அந்த ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நம் டெல்டாவைக் குறுக்கே நடந்து வேதாரண்யம் போனதும் அப்படித்தான். ஊர் பார்க்கப் பகலில் நடந்து போய், உப்பு அள்ளி, ஜெயிலுக்குப் போனார். எதிரிக்குக்கூட மறைத்து எதுவும் செய்யவில்லை.

அதனால் முதலாளிக்குத் தெரியாமல் பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வராதே. வியாழக்கிழமை சாயங்காலம், மில்லில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து முதலாளியிடம் தனியாகப் பேசு. பேரேட்டைப் பிரித்துக் காட்டு. “நான் எழுதினது 34. நாளைக்குப் பெரியவர் வந்தா 34னுதான் சொல்லுவேன், அவர் கேக்காட்டியும் சொல்லுவேன்” என்று மரியாதையாகச் சொல். நாலு பேர் முன்னால் சொல்லி அவரைக் கூசவைக்காதே. முதல் வார்த்தையை அவரே சொல்வதற்கு இடம் கொடு. ‘மறந்துட்டேன்’ என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் பொய். “பேரேட்டைப் பார்த்தோம், 34 இருக்கு” என்றால் போதும். அது முழு உண்மை, அவர் மரியாதையும் போகாது. குருநானக் வாக்கு ஒன்று உண்டு: எல்லாவற்றுக்கும் மேல் உண்மை, அதற்கும் மேல் உண்மையாக நடந்துகொள்வது. ஆகவே 34 என்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதே. நாலு மூட்டைக்கான பணமும் பெரியவர் கைக்குப் போகிறவரைக்கும் பக்கத்திலேயே இரு.

முதலாளி கோபித்துக்கொண்டு வேலையை விட்டு நிறுத்தினால், சண்டை போடாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறி இங்கே வா. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த கடையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள், சம்பளம் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதலாளி சம்மதித்துவிட்டாலும், கோபித்துக்கொண்டாலும், வியாழக்கிழமை ராத்திரியே எனக்குப் போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் மாமா