மல்லாட்டைக்குப் பொறந்த வீடு

டேய் சேகரு,

எப்படிடா இருக்க? முட்டி வலி தேவலையா, தங்கச்சி எப்படி இருக்கா, சின்னவளுக்கு வரன் ஏதாச்சும் தகைஞ்சுதா? அன்னிக்கி போன்ல "பொலிவியாவுக்குப் போயி இன்னாத்தடா பாத்த"ன்னு கேட்ட, நான் வாயத் தெறக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடிச்சி, அதான் ஒக்காந்து டைப் பண்றேன், பெருசா இருந்தா திட்டாத, மத்தியானம் கயித்துக் கட்டில்ல படுத்துகினு படி.

பையன் பிரேசில்ல சாவோ பாலோவுல இருக்கறது தான் உனக்குத் தெரியுமே. பேரனப் பாக்க வந்தவன் மூணு மாசமும் வீட்டுக்குள்ளயே டீவி பாத்துகினு கெடக்கறேன்னு அவனே பத்து நாள் லீவு போட்டு பொலிவியாவுக்கு இழுத்துகினு போனான். எனக்கு அந்த நாட்டப் பத்தி ஒரு எழவும் தெரியாது, சே குவேராவ அங்க சுட்டுக் கொன்னாங்கன்னு மட்டும் தான் தெரியும்.

லா பாஸ்ல எறங்கனதும் இதோட கத முடிஞ்சிதுன்னு தான் நெனச்சேன். ஏர்போர்ட்டு இருக்கற எல் ஆல்டோவே 4,000 மீட்டருக்கு மேல, நம்ம தொட்டபெட்டாவ வுட ஒன்றரை மடங்கு ஒசரம். பெட்டியத் தூக்கினு இருபது அடி நடந்ததுக்கே கெணறு தூர் வாரினவன் மாதிரி மேல்மூச்சு வாங்குது. தங்கன எடத்துல ஒரு அம்மா சுடுதண்ணில காஞ்ச எலயப் போட்டு குடுத்தா, கோக்கா எல. பேரக் கேட்டதும் பையன் முழிக்கறான், நான் மடமடன்னு குடிச்சிட்டேன். அங்க அது நம்ம வெத்தல மாதிரி தான்டா, சட்டப்படியே மார்க்கெட்ல மூட்ட மூட்டயா விக்கறான், பெருசுங்க எல்லாம் நரம்பக் கிழிச்சிட்டு கன்னத்துல அடக்கிகினு, கூடவே சாம்பல்ல செஞ்ச கட்டி ஒண்ண லேசா கடிச்சிக்குதுங்க. சுண்ணாம்பு இல்லாம வெத்தல செவக்காதுல்ல, அது மாதிரி அந்தச் சாம்பல் சேராம இந்த எல வேல செய்யாதாம். எங்க ஆயா இருந்திருந்தா ஒரு இடிகல்லோட அங்கயே தங்கியிருக்கும்.

ஊரு ஒரு பெரிய பள்ளத்துக்குள்ள கெடக்கு, மேல மேட்டுல எல் ஆல்டோ. பஸ் வளஞ்சி வளஞ்சி ஏறணும்னு 2014லேந்து கம்பில தொங்கற கேபின் வுட்டுட்டாங்க, டூரிஸ்டு சமாச்சாரம் இல்ல, டவுன் பஸ் மாதிரி சனம் வேலைக்குப் போவுது. என் எதுருல ஒரு பாட்டி, நாலஞ்சு அடுக்கு மடிப்புப் பாவாட, ரெண்டு பின்னல், தலைல வெள்ளக்காரன் போட்ற உருண்டத் தொப்பி, முதுகுல கலர் துணியில தூளி கட்டி உள்ள பேரப்புள்ள. இவங்கள சோலிட்டான்னு சொல்றாங்க. இந்தப் பாவாட கட்டிகினு வந்தா பெரிய ஓட்டலுக்குள்ளயே வுடமாட்டானாம் ஒரு காலத்துல, அப்புறம் அதே உடுப்புல மந்திரியாவே ஒக்காந்துட்டாங்க. 2009 அரசியல் சட்டத்துல ஸ்பானிஷோட 36 பழங்குடி மொழியும் ஆட்சி மொழின்னே எழுதி வச்சிட்டான். பாராளுமன்றத்து மேல ஒரு கடிகாரம் பாத்தேன், முள்ளு எடப்பக்கமா சுத்துச்சி! ரிப்பேர்னு நெனச்சி சிரிச்சேன், அப்புறம் தான் சொன்னாங்க, பூமத்தியரேகைக்குத் தெக்கால சூரிய கடிகாரத்து நெழலு அப்படித்தான் சுத்தும், நாங்க ஏன் வடக்கத்திக்காரன் கணக்குல சுத்தணும்னு வேணும்னே வச்சதாம்.

அடுத்தது உயுனி உப்பு வெளி. இதுல தான் ஏமாந்தோம். டூர் பண்றவன் காட்டுன போட்டோல வானமும் தரையும் ஒண்ணா கண்ணாடி மாதிரி இருக்கு, அதப் பாத்துத் தான் காசு கட்டுனான் பையன், அங்க போனா பொட்டு தண்ணி இல்ல. கண்ணாடி ஆவறது டிசம்பர்லேந்து மார்ச்சு வரைக்கும் மழ பேஞ்சா தானாம், நாங்க போனது ஆகஸ்டு, அங்க அது குளுருகாலம், காஞ்சி கெடக்கு. பையன் டிரைவர் கிட்ட சண்ட போட்றான், நான் குந்தி தரைய தடவிப் பாத்தேன். அறுகோணம் அறுகோணமா வெடிச்சி, ஒவ்வொரு ஓரமும் வெரல் கனத்துக்கு மேடு கட்டி, மரக்காணம் உப்பளத்துல பாத்தி கட்டி வச்ச மாதிரி, ஆனா எவனும் கட்டல, தானா ஆனது. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல இருக்கு, நம்ம விழுப்புரம் ஜில்லாவப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு, அத்தனையும் உப்பு. ஒரு காலத்துல பெரிய ஏரியாம். கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ள, நடுவுல ஒரு கல்லுத் தீவு, அதுல ரெண்டு ஆளு மூணு ஆளு ஒசரத்துக்குக் கள்ளி, அதுங்க வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் தான் வளரும்னாங்க, அப்ப நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கு முன்னாடியே மொளச்சதுங்கடா அது. ஓரத்துல கோல்சானின்னு ஒரு கிராமம், அங்க உப்ப சொரண்டி சின்னச் சின்ன கூம்பா குவிச்சிக் காய வக்கறாங்க, வாருறவன் கையும் காலும் வெடிச்சி, அது மட்டும் அப்படியே மரக்காணம். அடியில இருக்கற உப்புத்தண்ணில லித்தியம் ஏகத்துக்கும் இருக்காம், பேட்டரிக்குன்னு உலகமே கண்ணு வச்சிருக்கு. ராத்திரி குளுரப் பத்தி கேக்காத, மூணு கம்பளிக்குள்ளயும் பல்லு தாளம் போட்டுச்சி.

அங்கேந்து கோச்சபாம்பாங்கற ஊரு. உனக்கு லெட்டர் எழுதணும்னு தோணுனதே இங்க தான். ஆகஸ்டு நடுவுல பக்கத்துல கியாகோயோன்னு ஒரு ஊருல உர்குப்பிஞா மாதா திருவிழா. ஆடு மேய்க்கற பொண்ணுக்கு மாதா காட்சி குடுத்து, சனம் ஓடியாந்தப்ப "அதோ மலைக்குப் போயிட்டா"ன்னு அவ கெச்சுவாங்கற பழங்குடி பாஷைல கத்துனதே பேராயிடிச்சாம், வேளாங்கண்ணிக் கத மாதிரியே இருக்குல்ல. கடைசி நாளு சனமெல்லாம் சம்மட்டி எடுத்துகினு மலைக்குப் போயி பாறைய ஒடைக்கறாங்க. எவ்ளோ பெரிய கல்லு பேருதோ அவ்ளோ செல்வம், ஆனா அது மாதா குடுத்த கடன் தான், அடுத்த வருஷம் கல்ல திருப்பிக் கொண்டாந்து வச்சிடணும். கூட்டுறவு பேங்கு லோன் கெட்டது போ! பொம்ம வீடு, பொம்ம லாரி, பொம்ம டாலர் கட்டு எல்லாம் வாங்கி கல்லு மேல வச்சி சாம்பிராணி காட்டி சாராயம் தெளிக்கறாங்க. திருவண்ணாமலைல வீடு கட்டணும்னு கல்லு மேல கல்லு அடுக்குவோமே, அதோட பெரியண்ணன். எனக்கும் சம்மட்டியக் குடுத்தாங்க, நாலு போடு போட்டதுக்கு ஒரு எலுமிச்சம்பழம் சைஸு தான் பேந்துச்சி, என் ராசி அவ்ளோ தான்.

பசி. மார்க்கெட்ல ஒரு அம்மா பெரிய அண்டால வெள்ளயா ஏதோ கொதிக்க வச்சிகினு இருந்தா, வாசன அடிச்சிது பாரு, பச்ச மல்லாட்டய, பட்டணத்துக்காரன் வேர்க்கடலன்னு சொல்றானே அதய, அரச்ச வாசன. சோப்பா தே மனி, மல்லாட்ட சூப்புடா! வறுக்காம பச்சயாவே அரச்சி எலும்போட கொதிக்க வச்சி, மேல உருளக்கெழங்கு வறுவல் நாலு போட்டு குடுத்தா. தொட்டுக்க யாஹ்வா, அதாவது தக்காளியும் லொகோட்டோ மொளகாயும் அரச்ச தொவையலு, அந்த மொளகா வெத கறுப்பா இருக்கு. அரைக்கறது அம்மில தான், ஆனா கொழவிய உருட்டாம அரை நெலா மாதிரி கல்ல வச்சி இந்தாண்ட அந்தாண்ட சாய்க்கறாங்க. குடிக்க மக்காச்சோளத்த புளிக்க வச்சி செய்யற சிச்சா, மொத வாயி பூமிக்கு ஊத்திட்டு தான் குடிக்கறாங்க, பச்சமாமான்னு பூமித்தாயி பேரு, ஆகஸ்டு மாசம் அவளுக்குப் பசிக்கும்னு படையலு போட்றாங்க. நம்ம ஆடிக் கூழு ஞாபகம் வந்துடிச்சி.

பையன் செல்லுல தேடிட்டு சொல்றான், மல்லாட்ட பொறந்ததே இந்தப் பக்கம் தானாம், பொலிவியா தெக்கயும் அர்ஜென்டினா வடக்கயும். ரெண்டு காட்டு மல்லாட்ட ஒண்ணுக்கொண்ணு கலந்து ஆனது நம்ம கொல்லில போட்றது, அதுல ஒண்ணு பொலிவியாவுல ஒரே ஒரு எடத்துல தான் கண்டுபுடிச்சிருக்காங்க. உருள, தக்காளி, மொளகா எல்லாமே அந்தக் கண்டத்துச் சரக்கு. மணிலா வழியா வந்ததுன்னு நாம மணிலாக்கொட்டன்னு பேரு வச்சி, அதயும் மென்னு தின்னு மல்லாட்ட ஆக்கிட்டோம். உங்கப்பா திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணைல டிஎம்வி 7 மல்லாட்ட வெதைக்கி விடியகாலம் க்யூல நின்ன கதய அந்த அம்மாவுக்கு பையன வுட்டு ஸ்பானிஷ்ல சொல்லச் சொன்னேன், அவ சிரிச்சிட்டு இன்னொரு கரண்டி ஊத்துனா, காசு வாங்கல.

உனக்கு அங்கத்து வெத அரக் கிலோ வாங்குனேன், செவப்புத் தோலும் வரிவரியாவும் கலந்து. வெதயெல்லாம் பிளைட்ல எடுத்துகினு போனா ஏர்போர்ட்ல புடிச்சிடுவான்னு பையன் ஒரே புடிவாதம், கடைசில பஸ்லயே நானும் அவனும் ஒடச்சி தின்னு தீத்துட்டோம், கோச்சிக்காத. அடுத்த மாசம் பத்தாம் தேதி வாக்குல மெட்ராஸ்ல எறங்கறேன். மார்கழிப் பட்டத்துக்கு வெத வாங்கப் போவசொல்ல நானும் வரேன், வண்டில எனக்கு எடம் வை. அந்த எலுமிச்சம்பழ சைஸு கல்லு பெட்டில தான் இருக்கு, அடுத்த வருஷம் அத எவன் கொண்டு போயி திருப்பி வக்கறதுன்னு தான் இப்ப வீட்ல சண்ட.

மணி