சைக்ளோஸ்போரின் எழுதித் தரும் தோல் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வணக்கம். 6 வாரம் தாண்டியும் விடாத காணாக்கடியோடு, அதாவது அரிப்போடு எழும் தோல் தடிப்போடு, வாழ்பவர்களில் ஒருவராக எழுதுகிறேன். உடலின் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரினை எழுதித் தரும் அன்றே, அது என்ன மருந்து என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சொல்லாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்லும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான மருந்து என்று பொடி எழுத்தில் தொடங்கிப் புற்றுநோய் வரை போகும் தாள் அது. நள்ளிரவில் சொறிந்துகொண்டே அதைப் படித்தவர் மறுநாள் மாத்திரையைத் தொடுவாரா? போதாததற்கு, உறையைக் கிழித்ததும் ஒரு நெடி வேறு வரும். கெட்டுப்போன மருந்தோ என்று தோன்றும். அப்புறம் என்ன, உங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டு, பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்குவார். அரிப்பு சட்டென்று அடங்கும். மாதக்கணக்கில் அதையே விழுங்கினால் சர்க்கரையும் எலும்பும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் வேறொன்றுக்குப் பயப்படுகிறோம்.

அரிப்பை அடக்க முதலில் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை 4 மடங்கு வரை கூட்டியும், ஒமாலிசுமாப் ஊசி போட்டும் கேட்காதபோது வரும் அடுத்த படி இது என்று சொல்லுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாத இந்த அளவு, உறுப்பு மாற்றியவர்களுக்குத் தொடக்கத்தில் தருவதைவிடக் குறைவு என்பதையும் சொல்லுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

மீதிப் பயம் நியாயமானது. இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் அடிபடலாம். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். 0.7 இருந்தவருக்கு 1.0 ஆனால், ஆய்வகத் தாளில் எல்லாம் சரி என்றே இருக்கும். ஆனால் அவருக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. டோஸைக் குறைக்க வேண்டிய நேரம் அது. தொடக்க எண் இல்லாமல் இது யார் கண்ணிலும் படாது. "தேவைப்பட்டால் டெஸ்ட் எடுங்க" என்பது எங்களுக்குப் போதாது. எப்போது தேவைப்படும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைவலிக்கு நாங்களே வாங்கும் ஐபுப்ரோஃபென், வேறொரு மருத்துவர் தரும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், உயிருள்ள கிருமித் தடுப்பூசி: இவற்றைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். அதற்குக் கீழேயே அடுத்த இரத்தப் பரிசோதனையின் தேதியையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்