சத்தம் போடாத பிள்ளைக்காக ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

வகுப்பில் ஒரு பிள்ளை சேட்டை செய்தால் பெற்றோரை உடனே வரச்சொல்லிப் பேசுகிறீர்கள். சத்தமே போடாத பிள்ளைக்காக யாரும் யாரையும் அழைப்பதில்லை. ‘தங்கமான பிள்ளை’ என்று எழுதி மதிப்பெண் அட்டையை அனுப்பிவிடுகிறீர்கள். அந்தத் தங்கமான பிள்ளைகளில் சிலர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

பயப்படாத பிள்ளை கிடையாது. இருட்டு, நாய், புது இடம், தேர்வு என்று வயதுக்கு ஒரு பயம் வரும், போகும். போகாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நின்று படிப்பையும் தூக்கத்தையும் நட்பையும் கெடுக்கத் தொடங்கினால், அது பதற்றக் கோளாறா என்று பார்க்க வேண்டும். இது கோழைத்தனம் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. பரம்பரை, பிறவிச் சுபாவம், சூழல் எல்லாம் சேர்ந்து உண்டாவது.

சிக்கல் என்னவென்றால், வகுப்பில் இது பயமாகவே தெரியாது. என் மகளின் நோட்டில் நான் முதலில் பார்த்தது ஓட்டைகளை. ஓர் எழுத்து கோணலாக விழுந்தால் அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள், தாள் கிழியும்வரை. வகுப்பில் அதற்குக் கிடைத்த பெயர் ‘மந்தம்’. இன்னொரு பிள்ளைக்கு அது வயிற்றுவலியாக வரும். பள்ளி நாள் காலையில் வலிக்கும், விடுமுறையில் வலிக்காது. உடனே ‘நடிப்பு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதற்றத்தில் உடல் ஆபத்தை எதிர்கொள்ளத் தயாராகிறது. நெஞ்சு படபடக்கும், செரிமானம் தடுமாறும். வலி நிஜம்தான். சில பிள்ளைகள் வீட்டில் ஓயாமல் பேசுவார்கள், பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல் வராது. அது பிடிவாதம் இல்லை. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு அதைப் பதற்றக் கோளாறுகளோடுதான் சேர்த்திருக்கிறது. பதின்வயதில் இதே பதற்றம் எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வெளிப்படும்.

சரி, என்ன செய்வது? ‘பேசினால்தான் பயம் போகும்’ என்று பிள்ளையை இழுத்து மேடையில் நிறுத்தும் பள்ளிகள் உண்டு. அதன் கேடு எல்லாருக்கும் தெரியும். பாவம் என்று எல்லாவற்றிலிருந்தும் விலக்குக் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது அன்பினால் செய்வது. பெற்றோர் நாங்களும் வந்து கேட்பது அதைத்தான். விலகியவுடன் பிள்ளைக்கு நிம்மதி கிடைக்கிறது. விலகியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வந்து நிற்கிறது.

படிப்படியாகப் பழக்குங்கள். முதலில் உங்களிடம் மட்டும் தனியே வாசிக்கட்டும். அப்புறம் ஒரு தோழி உடன் இருக்கட்டும், பிறகு நாலைந்து பேர். அடுத்த படி எது என்பதைப் பிள்ளையையும் கேட்டே தீர்மானியுங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் முக்கியமான பகுதியே இப்படிப் பழக்குவதுதான். அமெரிக்காவில் பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயதுவரையான 488 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மருந்தும் சேர்ந்தபோது அது 81 சதவீதம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம்தான். மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உதவி கிடைத்தால் தேறக்கூடிய பிள்ளைகள் இவர்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

உங்களைச் சிகிச்சையாளராக மாறச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளையும் பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நான் கேட்பவை சிறியவை. அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளை எந்த நாள், எந்தப் பாடவேளைக்கு வருவதில்லை என்று பதிவேட்டில் பாருங்கள். சந்தேகம் வந்தால், குற்றம் சாட்டாமல், நீங்கள் கண்டதை மட்டும் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்புங்கள். நீண்ட விடுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை திரும்பி வந்தால், ‘இத்தனை நாள் எங்கே போனாய்?’ என்று வகுப்பின் முன்னால் கேட்காதீர்கள். விட்டுப்போன பாடத்தை யாரிடம் வாங்கலாம் என்று அருகில் போய்ச் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஒரு தாய்