முகாம் பொறுப்பாளர்களுக்கு முதலில் வகுப்பு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை முகாம்கள் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். சிலம்பம், கபடி, ஓவியம் என்று ஒவ்வொன்றுக்கும் இடம், நேரம், கட்டணம் எல்லாம் இருந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது மட்டும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. முகாம் நடத்துகிறவர்களே அதைச் சொல்வதில்லை.

நானும் ஒன்றும் தெரியாமல் தன்னார்வலராகப் போனவள்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் சார்பில் 42 பிள்ளைகளை அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். போகும்போது எண்ணி ஏற்றினோம். திரும்பும்போது நான் எண்ணியிருப்பேன் என்று உடன் வந்தவரும், அவர் எண்ணியிருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம். கணியம்பாடி நெருங்கும்போது ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், என் தம்பி எந்த சீட்ல இருக்கான்?" என்றாள். பஸ்ஸைத் திருப்பினோம். பையன் பூங்கா வாசலில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தான். அவன் அழவில்லை. அழுதது நான்தான்.

அப்புறம்தான் சாரணர் இயக்கத்தில் பல ஆண்டு இருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு இரண்டு நாள் வகுப்பு வைத்தோம். முதல் பாடமே எண்ணிக்கை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டபோதே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அவர்களில் ஒருவனையே அணிக்குத் தலைவனாக்கினாராம். ஏழு ஏழு பேராகப் பிரித்துவிட்டால் தலைவனே எண்ணிச் சொல்லிவிடுவான். நாம் சரிபார்த்தால் போதும். விசில் ஊதித் தொண்டை வறளக் கத்துவதும் பாதி குறைந்தது. வேலூர் வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் மைதானம் கிடையாது, கேட்காவிட்டாலும் அரை மணிக்கொரு முறை தண்ணீர் என்பதும் அன்று முடிவானதுதான்.

இரண்டாம் நாள்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு பிள்ளை வந்து, "ஒருத்தர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று நடித்துக் காட்டச் சொன்னார். நான் சரமாரியாகக் கேள்வி கேட்டேன். "நீங்கள் வக்கீல் இல்லை டீச்சர்" என்று நிறுத்தினார். குறுக்கு விசாரணை கூடாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். எங்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை.

வயது வந்தவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதும் சிலருக்குக் கோபம் வந்தது. அண்ணா, மாமா என்று கூப்பிடும் ஊரில் நம்ம ஆளையே சந்தேகப்படுவதா என்றார்கள். ஆனால் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்றுதான் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தவிர, இந்த ஏற்பாடு நல்ல மனிதருக்கும் காவல். வீண் பழி வராது.

பிள்ளைகளோடு பழகும் பள்ளி, விளையாட்டுப் பயிற்சி மையம் போன்ற நிறுவனங்கள் பணியாளர்களைப் பற்றிக் காவல்துறை வழியாக விசாரிக்க வேண்டும், அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. பணியாளர் என்றுதான் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் வருகிறவரை யாரும் கேட்பதில்லை. சும்மா வந்து உதவுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்ற நம் கூச்சம் வேறு.

மே மாதத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் ஆகிய ஆறு தாலுகாவிலும் தன்னார்வலர்களுக்கு ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வகுப்பு எடுக்கட்டும். உங்கள் இதழும் அடுத்த ஆண்டு முகாம் செய்தி போடும்போது, கட்டணத்துக்குப் பக்கத்தில் பொறுப்பாளர்கள் பயிற்சி பெற்றவர்களா என்று ஒரு வரி சேர்க்கட்டும். வகுப்பு எந்த தாலுகாவில் நடந்தாலும் நான் வருகிறேன், கொய்யாப்பழக் கதையைச் சொல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்